பெல்ஃபாஸ்ட்டுக்கு ஒரு எட்டு போய்வரலாமா?

இந்த வாரம் எழுதியிருப்பவர் காவிரிக் கரையில் ஒரு சிற்றூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மகளும் மருமகனும் டப்ளினில் வேலை பார்க்கிறார்கள். ஜூன் மாதம் கணவரோடு மூன்று வாரம் அங்கே போகிறார். அயர்லாந்து விசா கைக்கு வந்துவிட்டது. ஒருமுறை மட்டும் நுழைவதற்கான விசா அது. கணவரோ மூன்று வாரத்துக்கும் திட்டம் போட்டு முடித்துவிட்டார். டப்ளினுக்கு மூன்று நாள் போதும், அங்கே பார்க்க மதுக்கடையை விட்டால் என்ன இருக்கிறது, மீதி நாளில் பெல்ஃபாஸ்ட், லண்டன். "எல்லாம் பிரிட்டன்தானே, விசாவும் ஒன்றுதான். பெல்ஃபாஸ்ட் போகிற வழியில் செக்போஸ்டே கிடையாதாம். யார் கேட்கப் போகிறார்கள்?" என்கிறாராம். ஆசிரியைக்கு மனம் ஒப்பவில்லை. மருமகன் காரைக் கணவர் ஓட்டலாமா, மூத்த குடிமக்களுக்கு பஸ் இலவசமா, நெய்யும் கறிவேப்பிலையும் எடுத்துப்போகலாமா என்றும் கேட்டிருக்கிறார். கணவருக்குச் சர்க்கரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. கடிதத்தின் கடைசி வரி: "நான் சொன்னால் அவர் காதில் ஏறாது. எப்படிச் சொல்வது?"

அன்புள்ள டீச்சர்,

குடிவரவு வழக்குகளைப் பார்க்கிற வக்கீல் நான். வேலை நிமித்தமாகச் சில முறை டப்ளினில் தங்கியிருக்கிறேன். அதனால் உங்கள் கேள்விகளில் பாதிக்குச் சட்டப் புத்தகத்தையும், மீதிக்கு என் கால்களையும் நம்பிப் பதில் சொல்கிறேன்.

முதலில் சாரின் வாதம். அவர் சொல்வதில் ஒரு பாதி சரி. டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்ட்டுக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம்தான். வழியில் தடுப்பும் இல்லை, பாஸ்போர்ட் கேட்கும் கூண்டும் இல்லை. காரில் போனால், சாலையோரம் மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் வெள்ளையாக மாறும். வேகப் பலகையில் கிலோமீட்டர் போய் மைல் வரும். நாடு மாறியதற்கு அவ்வளவுதான் அடையாளம். பேச்சு சுவாரசியத்தில் அதையும் தவறவிட்டுவிடலாம்.

ஆனால் நாடு மாறியது மாறியதுதான். தீவின் 32 மாவட்டங்களில் வடக்கே உள்ள 6, நூறாண்டுக்கு முந்தைய பிரிவினையின்போது பிரிட்டனோடு தங்கிவிட்டன. மற்ற 26 மாவட்டங்கள் 1922-ல் தனி அரசாகி, 1949-ல் முழுக் குடியரசாயின. பெல்ஃபாஸ்ட் முதல் வகை, டப்ளின் இரண்டாவது. டப்ளினில் செலவழிப்பது யூரோ, பெல்ஃபாஸ்ட்டில் பவுண்டு. இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஆனால் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் வட்டத்துக்குள் இல்லை. ஆகவே பாரிஸ் போகும் ஷெங்கன் விசாவால் டப்ளின் போக முடியாது, டப்ளின் விசாவால் பாரிஸும் முடியாது.

எல்லையில் சோதனை ஏன் இல்லை என்றால், அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையே பொதுப் பயணப் பகுதி என்றொரு பழைய ஏற்பாடு இருக்கிறது. அந்த இரு நாட்டுக் குடிமக்களின் வசதிக்காக ஏற்பட்டது அது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நமக்குக் கதவு திறந்திருப்பது போலத் தெரியும், அவ்வளவுதான். உள்ளே போவதற்கான அனுமதி தனியாக வேண்டும்.

பிடிபட்டால்தானே என்கிறாரா?

சரி, அந்தக் கோணத்திலேயே பார்ப்போம். பெல்ஃபாஸ்ட் போகும்போது அநேகமாக யாரும் கேட்க மாட்டார்கள். சிக்கல் திரும்பி வரும்போதுதான். வடக்கிலிருந்து வரும் பஸ்ஸை அயர்லாந்துப் போலீசான கார்டா நிறுத்தி, ஏறி, பாஸ்போர்ட் பார்ப்பது உண்டு. எப்போது, எந்த பஸ் என்று தெரியாது. உங்கள் விசா ஒருமுறை நுழைவுக்கானது. விமான நிலையத்தில் இறங்கும்போதே அந்த ஒரு முறை தீர்ந்துவிடுகிறது. மதியச் சாப்பாட்டுக்கு பெல்ஃபாஸ்ட் போய் மாலை திரும்பினாலும், சட்டத்தின் கண்ணில் நீங்கள் அயர்லாந்தை விட்டு வெளியேறியவர், இரண்டாம் முறை விசா இல்லாமல் நுழைய வந்தவர். அந்தப் பக்கம், அனுமதி கிடையாது என்று தெரிந்தே பிரிட்டனுக்குள் நுழைவது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். ஒரு பகல் பயணத்தில் இரண்டு நாடுகளின் விதிகளை மீறியாயிற்று.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை பிற்பாடு வரும் படிவங்கள். "எந்த நாட்டிலாவது உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்களா?" என்று விசா விண்ணப்பங்களில் ஒரு கேள்வி இருக்கும். நாளைக்குப் பேரன் பிறந்து, ஆறு மாதத்தில் மறுபடி ஓடிப்போக வேண்டி வந்தால், அந்தக் கட்டத்தில் "ஆம்" என்று எழுத வேண்டியிருக்கும். என்னிடம் வந்த கட்சிக்காரர்களில் இப்படி ஒரே ஒரு மதியத்துக்காகப் பல வருடம் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. அதோடு, அனுமதி இல்லாத நாட்டில் சாருக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால், பயணக் காப்பீட்டுக்காரர்கள் கைவிரிக்கவே வாய்ப்பு அதிகம்.

லண்டன் ஆசை நிஜமானது என்றால்

அதற்கு நேர்வழி இருக்கிறது. இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு பிரிட்டிஷ்–ஐரிஷ் விசா திட்டம் என்று ஒன்று உண்டு. விசா ஸ்டிக்கரில் 'பிஐவிஎஸ்' என்று ஆங்கிலத்தில் நான்கு எழுத்து அச்சாகியிருந்தால், அந்த ஒரே குறுகிய கால விசாவில் இரு நாடுகளிலும் சுற்றலாம். விசா தந்த நாட்டில் முதலில் இறங்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. சார் எங்கோ கேள்விப்பட்ட "ஒரே விசா" இதுவாகத்தான் இருக்கும். உங்கள் ஸ்டிக்கரில் அந்த எழுத்துகள் இருக்கின்றனவா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். இருந்தால் நான் மேலே சொன்ன பயமெல்லாம் குறைந்துவிடும். கிளம்புமுன் இரு நாட்டுக் குடிவரவுத் துறைகளின் தளங்களில் அன்றைய விதியை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இல்லை என்றால் பிரிட்டனுக்குத் தனியாகப் பார்வையாளர் விசா வாங்கலாம். வாங்கினால், லண்டனைப் பயணத்தின் கடைசியில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே ஊருக்கு விமானம் ஏறுங்கள். லண்டன் போய் மறுபடி டப்ளின் வருவது இந்த விசாவில் நடக்காது. பணமும் நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். எனக்குக் கேட்டால், இந்த முறை லண்டனை விட்டுவிடுங்கள். மூன்று வாரத்தில் இரண்டு தலைநகரங்களுக்கு ஓடும் முழங்கால் சாருக்கு இல்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

இன்னொன்று. விசா என்பது விமானம் ஏறி வாசல்வரை வருவதற்கான சீட்டு மட்டுமே. உள்ளே விடுவதும், எத்தனை நாள் என்று முத்திரை குத்துவதும் டப்ளின் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் குடிவரவு அதிகாரியின் அதிகாரம். மகளின் அழைப்புக் கடிதம், திரும்பும் டிக்கெட், காப்பீடு மூன்றையும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டுவிடாதீர்கள். "என்ன பார்க்கப் போகிறீர்கள்?" என்று கேட்டால் சார் "லண்டன்" என்று ஆரம்பித்துவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பெட்டியில் என்ன போகலாம்

நெய்யை எடுத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற பயணி இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது, நெய்யும் பால் பொருள்தான். கறிவேப்பிலையும் கூடாது. செடி, இலை, காய், பழம் எதுவானாலும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். விதிவிலக்கு ஐந்தே பழங்களுக்கு: தேங்காய், வாழை, அன்னாசி, பேரீச்சை, டுரியன். இதைப் படித்தபோது, சட்டம் எழுதியவர் நம் ஊர்க்காரரோ என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தேங்காய் போகும், தாளிக்கிற கறிவேப்பிலை போகாது! பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடிக்குத் தடை இல்லை. நெய்யும் கறிவேப்பிலையும் டப்ளின் இந்தியக் கடைகளிலேயே கிடைக்கும். சாரின் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கொண்டுபோங்கள். அயர்லாந்து ஆஸ்பத்திரிகளில் நம்மைப் போன்ற பார்வையாளர்களுக்கு இலவசச் சிகிச்சை கிடையாது. ஆகவே காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோயை மறைக்காமல் சொல்லியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

காரும் பஸ்ஸும்

இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லுபடியாக இருந்தால், பார்வையாளராக ஒரு வருடம் வரை அங்கே ஓட்டலாம். நம்மைப் போலவே இடப்பக்கம்தான். ஆனால் மருமகன் காரின் காப்பீட்டில் சாரின் பெயரும் இருந்தாக வேண்டும். பெயர் சேர்க்காமல் சாவியை வாங்கினால், முனை வரை போனாலும் காப்பீடு இல்லாமல் ஓட்டிய கணக்குதான். நகரத்துக்குள் கார் தேவையும் இல்லை. இலவச பஸ் அங்கேயே வசிக்கிற, 66 வயது தாண்டியவர்களுக்கானது. நீங்கள் டிக்கெட் எடுக்க வேண்டும். பணம் போட்டுவைத்துப் பயணத்துக்குப் பயன்படுத்தும் லீப் அட்டை ஒன்று வாங்கிக்கொண்டால் 2 யூரோவில், 90 நிமிடத்துக்குள் நகர பஸ், டிராம், ரயில் என்று மாறி மாறிப் போகலாம். அட்டை இல்லாமல் பஸ்ஸில் ஏறினால் நாணயமாகத்தான் கொடுக்க வேண்டும், நோட்டு வாங்க மாட்டார்கள்.

மதுக்கடையை விட்டால் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் உங்கள் கடிதத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

கில்டேர் தெருவில் தேசிய அருங்காட்சியகத்தின் தொல்லியல் பிரிவு இருக்கிறது. கட்டணம் இல்லை. தங்க நகைகளைப் பார்த்துக்கொண்டே போனால், சுருள் மாதிரி வளைந்த சுவர்களுக்குள் சின்னச் சின்ன அறைகள் வரும். ஒன்றில் ஒரு மனிதன் கிடக்கிறான். தலை இல்லை, இடுப்புக்குக் கீழே இல்லை. ஆனால் கைகள் இருக்கின்றன. விரல் ரேகை, வெட்டி ஒழுங்காக வைத்த நகம் எல்லாம் அப்படியே. இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் கரிச்சேற்றில் புதைந்து கிடந்து, 2003-ல் வெளியே வந்தவன். அந்தச் சேற்றில் காற்று புகாது, புளிப்பும் அதிகம் என்பதால் உடல் அழுகாமல், பதனிட்ட தோலைப் போல் பழுப்பாகிவிட்டிருக்கிறது. அதே ஆண்டு கிடைத்த இன்னொருவனின் தலைமுடியில் பைன் பிசின் கலந்த பூச்சு இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த சரக்காம் அது. நான் அந்தக் கைகளுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றேன். உழைத்துக் காய்த்த கைகள் இல்லை. யார் வீட்டுப் பிள்ளையோ! ஞாயிறும் திங்களும் மதியத்துக்கு மேல்தான் திறக்கும், அதைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

டப்ளின் கோட்டை வளாகத்துக்குள் செஸ்டர் பீட்டி நூலகம், அதுவும் இலவசம். சுரங்கத் தொழிலில் சம்பாதித்த ஓர் அமெரிக்கர் உலகமெங்கும் சேகரித்த கையெழுத்துச் சுவடிகளும் ஓவியங்களும் அங்கே இருக்கின்றன. முகலாயர் கால ஓவியங்களும் உண்டு. அக்பர் பற்றி எத்தனை வருடம் பாடம் நடத்தினீர்களோ தெரியாது, டீச்சர், அந்தக் காலத்து வண்ணத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். தேசிய ஓவியக் கூடமும் இலவசம். அங்கே கோபுரப் படிக்கட்டில் இருவர் பிரியும் ஒரு நீர்வண்ண ஓவியத்தை வெளிச்சம் பட்டு மங்கிவிடக் கூடாதென்று அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். வாரத்தில் சில மணி நேரம்தான் கதவைத் திறப்பார்கள். நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள்.

டிரினிட்டி கல்லூரியில் கெல்ஸ் நூல் இருக்கிறது. கி.பி. 800-ஐ ஒட்டி, கன்றுத் தோலில் எழுதிய நற்செய்தி நூல். இதற்குக் கட்டணம் கொஞ்சம் அதிகம், கூட்டமும் அதிகம். படங்களில் எல்லாரும் பார்த்த அந்த 65 மீட்டர் நீள நூலக மண்டபத்தில் இப்போது பராமரிப்புக்காகப் பெரும்பாலான புத்தகங்களை இறக்கிவிட்டார்கள். வெறும் தட்டுகளைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

சாரை ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போகச் சொன்னால், கில்மைனம் சிறையைச் சொல்வேன். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து டப்ளினில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியின் தலைவர்களில் 14 பேரை அந்த மே மாதம் அங்கேதான் சுட்டார்கள். முற்றத்தில் இரண்டு சிலுவைகள் இருக்கும். ஒன்று உள்ளே தள்ளி, மற்றது வாசல் அருகே. வாசல் அருகே இருப்பது ஜேம்ஸ் கானலிக்கு. காயம்பட்டு நிற்க முடியாதவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து, நாற்காலியில் கட்டி வைத்துச் சுட்டார்கள். அதுவரை எழுச்சிக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்த டப்ளின் மக்களே இந்தத் தண்டனைகளுக்குப் பிறகு மனம் மாறினார்கள். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், டிக்கெட் 28 நாள் முன்னதாக இணையத்தில் வரும், சீக்கிரம் தீர்ந்துவிடும். ஜூன் 10-க்கு வேண்டுமென்றால் மே 13 அன்று மகள் கணினி முன் உட்கார வேண்டும். நான் டிக்கெட் இல்லாமல் போய், எதிர்ச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கதையும் உண்டு. உள்ளே படிகள் இருக்கின்றன. முழங்கால் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்த நாட்களில் டப்ளினில் நம் மாணவர் ஒருவர் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். சென்னை மாகாணத்தின் பெர்ஹாம்பூரிலிருந்து 1913-ல் போனவர். எழுச்சிக்குப் பிறகு 1916-ல் அவரை நாட்டை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டார்கள். 1969-ல் நம் குடியரசுத் தலைவரான வி.வி. கிரிதான் அவர். குடிவரவு வக்கீலுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகுமா! நம் அரசியல் சட்டத்தில் அரசுக்கான வழிகாட்டு நெறிகள் என்று குடிமையியலில் படிப்போமே, அதுவும் 1937 அயர்லாந்து அரசியல் சட்டத்தைப் பார்த்து எழுதியதுதான். லிஃபி ஆற்றங்கரையில் ஃபோர் கோர்ட்ஸ் என்னும் நீதிமன்றக் கட்டடம் நிற்கிறது. 1922 உள்நாட்டுப் போரில் குண்டு விழுந்து, பக்கத்து ஆவணக் காப்பகம் பல நூற்றாண்டு ஏடுகளோடு எரிந்துபோன இடம். பொதுமக்கள் உள்ளே போய் விசாரணையைக் கேட்கலாம். போட்டோ எடுக்கக் கூடாது, போனை அணைத்துவிட வேண்டும். வாய்தா வாங்கும் வக்கீல் அங்கேயும் உண்டா என்று சார் பார்த்துச் சொல்லட்டும்.

நடக்க முடிகிற நாளில் கிளாஸ்நெவின் தாவரவியல் பூங்கா. இலவசம், பாதை சமதளம், உட்கார பெஞ்சு நிறைய. அயர்லாந்தின் பெரும் பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்கு நோயை 1845-ல் கவனித்துப் பதிவு செய்தது அந்தத் தோட்டத்தில்தான். பத்து லட்சம் பேர் செத்த பஞ்சம் அது. ஆற்றங்கரையில், சுங்க மாளிகை அருகே, எலும்பும் தோலுமாகக் கப்பலை நோக்கி நடக்கிற வெண்கல மனிதர்களைப் பார்க்கும்போது அந்தத் தோட்டம் நினைவுக்கு வரும். கடல் பார்க்க வேண்டுமென்றால் ஹௌத் போகும் ரயிலில் ஏறுங்கள். அங்கே மலைமேட்டுப் பாதை சாருக்கு வேண்டாம், துறைமுகத்தில் நடந்தாலே போதும், அதிர்ஷ்டம் இருந்தால் தண்ணீரில் சீல் தலை தூக்கும். ஃபீனிக்ஸ் பூங்காவில் மான்கள் பக்கத்தில் வரும், தீனி கொடுக்கக் கூடாது.

இனி அந்த மதுக்கடை. போய்த்தான் பாருங்களேன். பப்பில் குடித்தே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு சோடா வாங்கிக்கொண்டு மூலையில் உட்காரலாம். 2004-லிருந்து உள்ளே புகை பிடிக்கத் தடை, உலகத்திலேயே நாடு முழுவதற்கும் அதை முதலில் செய்தவர்கள் இவர்கள்தான். ஸ்மித்ஃபீல்டில் காபிள்ஸ்டோன் என்ற இடத்தில் பிடிலும் குழலும் வைத்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். மேடை கிடையாது. நம் பஜனை மடம் மாதிரி யார் வேண்டுமானாலும் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். சூப் வாங்கினால் காய்கறிச் சாற்றில் செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கோழிச் சாறாகவும் இருக்கும்.

ஜூனில் பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். "இருட்டட்டும், சாப்பிடலாம்" என்று இருந்தால் சாருக்குச் சர்க்கரை இறங்கிவிடும், கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடச் சொல்லுங்கள். மழைக்குப் பயப்பட வேண்டாம். டப்ளினில் வருடம் முழுக்கப் பெய்வது ஏறத்தாழ 750 மில்லிமீட்டர், சென்னையில் பெய்வதில் கிட்டத்தட்டப் பாதி. நம் ஊரில் ஒரே மூச்சில் கொட்டுவதை அவர்கள் தினமும் தவணை முறையில் வாங்கிக்கொள்கிறார்கள். காற்றில் குடை திரும்பிவிடும், தொப்பி வைத்த மழைக்கோட்டு நல்லது.

கடைசிக் கேள்வி, சாரிடம் எப்படிச் சொல்வது. நீங்கள் சொல்லவே வேண்டாம், டீச்சர். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிய பக்கத்தை விரித்து, எத்தனை முறை நுழையலாம் என்று அச்சடித்திருக்கும் அந்த வரியில் விரலை வையுங்கள். வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். முப்பது வருடம் வகுப்பில் அதைத்தானே செய்தீர்கள்.